எழுத்தறியாதவர்களுக்கா எழுதினார்கள்? ஷார்த்ர் பேராலயத்து வண்ணச் சாளரங்கள்

ஐரோப்பாவின் பழைய கத்தோலிக்கப் பேராலயங்களைப் பற்றி யார் பேசினாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் எழுத்தறியாத பாமரர்களின் திருவிவிலியம். வழிகாட்டிகள் சொல்கிறார்கள், பாடநூல்கள் சொல்கின்றன, திருச்சபை மலர்களும் சொல்கின்றன. ஏழைக் குடியானவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் வந்து, தலையை நிமிர்த்தி, கண்ணாடியில் வரைந்த கதையைத் தானே புரிந்துகொண்டு வீடு திரும்பினான் என்ற சித்திரம் மனத்துக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சாளரங்களில் மிகச் சிறந்தவை இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் இந்த வாக்கியம் அதிக நேரம் தாக்குப்பிடிப்பதில்லை.

அந்த இடம் பிரான்சின் ஷார்த்ர் நகரம். பாரிஸிலிருந்து தென்மேற்கே ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவு. சுற்றிலும் தட்டையான கோதுமை வயல்கள். அவற்றின் நடுவே ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு கோபுரங்களுடன் அன்னை மரியாவின் பேராலயம். இடைக்காலத்தில் இங்கே 176 சாளரங்கள் இருந்தன என்பது கணக்கு. அவற்றுள் 150க்கும் மேற்பட்டவை பெரும்பாலும் பழைய கண்ணாடியோடு இன்றும் இருக்கின்றன. மொத்தப் பரப்பு சுமார் 2,600 சதுர மீட்டர். போர்களும் மதக் கலகங்களும் புரட்சியும் ஐரோப்பாவில் நொறுக்கிப்போட்ட கண்ணாடியின் அளவை நினைத்தால், 12, 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஒரே கட்டடத்தில் இந்த அளவுக்கு எஞ்சியிருப்பது வியப்புதான்.

1194 ஜூனில் பெருந்தீ ஒன்று பழைய பேராலயத்தின் பெரும்பகுதியை அழித்தது. அன்னை மரியா உடுத்தியது என்று நம்பப்பட்ட திரு ஆடை ஒன்று அங்கே இருந்தது. மன்னர் மொட்டை சார்லஸ் 876இல் கொடுத்தது. ஷார்த்ருக்குத் திருப்பயணிகள் வந்ததும், அவர்களை நம்பிச் சந்தைகள் நடந்ததும் அந்த ஆடையால்தான். தீயில் அதுவும் போயிற்று என்று ஊர் கலங்கியிருந்தபோது, நிலவறையிலிருந்து ஆடை பழுதில்லாமல் வெளியே வந்தது. இன்னும் பெரிய ஆலயம் வேண்டும் என்று அன்னையே கேட்கிறாள் என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். ஆலயத்தின் பெரும்பகுதி ஒரு தலைமுறைக் காலத்துக்குள் எழுந்துவிட்டது. 1260 அக்டோபரில், மன்னர் ஒன்பதாம் லூயியின் காலத்தில், அர்ச்சிப்பு நடந்தது. தீயிலிருந்து மேற்கு முகப்பும் தப்பியது. அதோடு 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த மூன்று நெடுஞ்சாளரங்களும் தப்பின. இவற்றைத் தவிர, 1180 வாக்கில் செய்யப்பட்ட 'அழகிய சாளரத்து அன்னை' என்ற நீலநிற மரியாவின் உருவத்தையும் காப்பாற்றி, பின்னாளில் புதிய சட்டத்துக்குள் பொருத்தினார்கள்.

'பாமரர் திருவிவிலியம்' என்ற கருத்துக்கு வேர் எங்கே? கி.பி. 600இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் மார்சேய் ஆயர் செரேனுசுக்கு எழுதிய கடிதத்தில். மக்கள் படங்களை வணங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று செரேனுஸ் தம் ஆலயத்துப் படங்களை உடைத்தெறிந்தார். வணங்கவிடாமல் தடுத்தது சரி, உடைத்தது தவறு, படிக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்பது கிரகோரியாரின் வாதம். அவர் பேசியது பொதுவாகப் படங்களைப் பற்றி. ஷார்த்ரில் இருப்பதைப் போன்ற கண்ணாடிக் கதைச் சாளரம் தோன்றுவதற்கு இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் படத்துக்குச் சொன்ன நியாயத்தை அப்படியே எடுத்துக் கண்ணாடிக்கும் பொருத்திவிட்டார்கள்.

பொருத்தலாமா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். ஷார்த்ரின் வளைகூரை ஏறக்குறைய 37 மீட்டர் உயரம். மேல்வரிசைச் சாளரங்கள் அந்த உயரத்தின் மேற்பாதியில் இருக்கின்றன. செய்தவர்கள் தூரத்தை மறந்துவிடவில்லை. மேலே தனித்தனி ஆளுருவங்களைப் பெரிதாக நிறுத்தினார்கள். தூதர், இறைவாக்கினர், அரசர் என்று ஒரு சாளரத்துக்கு ஓரிருவர். ஆனால் தனியாக நிற்கும் ஒரு தாடிக்காரர் எந்தக் கதையைச் சொல்வார்? அவர் பெயரை எழுதி வைத்திருந்தால் அதுவும் இலத்தீனில் இருக்கும். கீழ்வரிசையில் நிலைமை நேர்மாறு. அங்கே வட்டமும் நாற்கரமும் நாலிதழுமாக வெட்டிய சிறு சிறு கட்டங்களில் கதைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரே சாளரத்தில் இருபது முப்பது காட்சிகள். பெரும்பாலும் அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். சிலவற்றில் வரிசை வளைந்து திரும்பும். கதை ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே காட்சிகள் அடையாளம் தெரியும்.

நடுக்கூடத்தின் தெற்குப் பக்கவழியில் உள்ள நல்ல சமாரியர் சாளரம் இதற்கு நல்ல சான்று. கீழ்ப்பாதியில் உவமை வருகிறது: எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகிறவன் கள்வர் கையில் அகப்படுகிறான், குருவும் லேவியரும் விலகிப் போகிறார்கள், சமாரியர் காயத்துக்குக் கட்டுப்போட்டுச் சத்திரத்தில் சேர்க்கிறார். சத்திரம் முடிந்தவுடன், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஆதாமும் ஏவாளும் வந்துவிடுகிறார்கள். படைப்பு, விலக்கப்பட்ட கனி, தோட்டத்திலிருந்து வெளியேற்றம். பாமரன் ஒருவன் தனியாக நின்று இதைப் பார்த்தால் இரண்டு கதைகளைப் பிழையாகச் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பான். மறைத்தந்தையர் காலத்திலிருந்து வரும் விளக்கவுரை தெரிந்தவருக்கு மட்டுமே முடிச்சு அவிழும். எருசலேமை விட்டு இறங்கியவன் ஆதாம், கள்வர் அலகை, சமாரியர் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை. படம் அந்த உரைக்குத் துணையாக வருகிறது. உரையின் இடத்தைப் பிடிப்பதில்லை. நம் ஊர்க் கோயில் மண்டபத்துச் சிற்பத் தொகுதிகளும் இப்படித்தான்: புராணம் கேட்டு வளர்ந்தவருக்குக் கல் பேசும், மற்றவருக்கு அது வெறும் உருவம்.

இப்படிப்பட்ட சாளரத்தைத் திட்டமிட்டவர்கள் பேராலயத்துக் குருக்கள் மன்றத்தினர். ஷார்த்ர் 12ஆம் நூற்றாண்டில் பேர்பெற்ற கல்விக் கூடம். அங்கே ஆசிரியராக இருந்த பெர்னார், முன்னோரின் தோள்மீது அமர்ந்திருப்பதால்தான் நமக்குத் தூரம் தெரிகிறது என்று சொன்னதாகச் சாலிஸ்பரி யோவான் பதிவு செய்தார். அந்த யோவானே பின்னர் ஷார்த்ரின் ஆயரானார். தெற்கு ரோஜாச் சாளரத்தின் அடியில் எசாயாவின் தோளில் மத்தேயு, எரேமியாவின் தோளில் லூக்கா, எசேக்கியேலின் தோளில் யோவான், தானியேலின் தோளில் மாற்கு என்று நான்கு நற்செய்தியாளர்கள் ஏறி அமர்ந்திருக்கிறார்கள். பெர்னாரின் சொல்லுக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு உண்டென்று பலர் எழுதுகிறார்கள். நிரூபிக்க முடியாது. ஆனால் இது படித்தவர்கள் படித்தவர்களுக்காகச் செய்த உருவகம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். பீடத்தைச் சுற்றிவரும் வழியில் உள்ள சாளரங்களுள் ஒன்று புனித தோமையாருடையது. இந்திய அரசன் கொந்தபோரஸ் அரண்மனை கட்டச் சொல்லிக் கொடுத்த பணத்தைத் தோமையார் ஏழைகளுக்குக் கொடுத்துவிடும் பழங்கதை. மயிலாப்பூர் சாந்தோமில் அவருடைய கல்லறையை வணங்குகிற தமிழ்க் கத்தோலிக்கர் இந்தச் சாளரத்தின் முன் சற்று நிற்பது இயல்பு. ஆனால் 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கலைஞனுக்கு மயிலாப்பூரும் தெரியாது, இந்தியாவும் தெரியாது. அந்த அரசன் வெறும் கற்பனை அல்ல என்பதே 19ஆம் நூற்றாண்டில் துணைக்கண்டத்தின் வடமேற்கில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்த பிறகுதான் உறுதியாயிற்று.

கதைகளை விட்டுச் சாளரங்களின் அடிப்பகுதிக்கு வருவோம். உண்மையில் அறிஞர்களிடையே அதிகமாகச் சண்டை நடந்திருப்பது அதைப் பற்றித்தான். நாற்பதுக்கும் மேற்பட்ட சாளரங்களில் தொழில் செய்வோரின் காட்சிகள் உள்ளன. ரொட்டி சுடுவோர், இறைச்சி வெட்டுவோர், செருப்புத் தைப்போர், நாணயம் மாற்றுவோர், பீப்பாய் செய்வோர், தண்ணீர் சுமப்போர், கல் செதுக்குவோர். சார்லமேன் சாளரத்தின் அடியில் மென்மயிர்த் தோல் வணிகர் வாடிக்கையாளருக்கு மேலங்கி ஒன்றை விரித்துக் காட்டுகிறார். நல்ல சமாரியரின் காலடியில் செருப்புத் தைப்போர். நோவாவின் அடியில் தச்சர்கள். எந்தக் கல்வியும் இல்லாதவருக்கும் ஷார்த்ரில் சட்டென்று புரிகிற காட்சிகள் இவைதான். கண் எட்டும் உயரத்தில் இருப்பவையும் இவையே.

வெகுகாலம் இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்: தொழிற்சங்கங்கள் பக்தியோடு பணம் போட்டுச் சாளரங்களைக் காணிக்கையாக்கின, அதற்கு அடையாளமாகத் தங்கள் தொழிலை வரையச் செய்தன. ஊரே கூடித் தேர் இழுத்தது என்பது போன்ற இனிய கதை. 1993இல் ஜேன் வெல்ச் வில்லியம்ஸ் 'ரொட்டி, ஒயின், பணம்' என்ற நூலில் இதைக் கலைத்துப்போட்டார். அந்தக் காலத்து ஷார்த்ரில் இத்தனை தொழில்களும் காணிக்கை கொடுக்கும் அளவுக்கு அமைப்பாகத் திரண்டிருந்ததற்குச் சான்று போதாது என்றார். பேராலய வளாகத்தில் வணிகம் செய்தவர்களுக்குக் கோமகனின் வரியிலிருந்து விலக்கு இருந்தது. அவர்கள்மீது யாருக்கு அதிகாரம் என்பதில் கோமகனுக்கும் குருக்கள் மன்றத்துக்கும் ஓயாத இழுபறி. 1210இல் நகரத்தார் திரண்டு மன்றத் தலைவரின் வீட்டையே தாக்கினார்கள். இந்தப் பின்னணியில் பார்த்தால், பணிவோடு உழைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் தொழிலாளர் படம் என்பது குருக்கள் பார்க்க விரும்பிய சமுதாயத்தின் படமாக இருக்கலாம்.

வில்லியம்ஸ் சொன்னதை எல்லாரும் ஏற்கவில்லை. சில தொழில்களாவது பணம் கொடுத்திருக்கும் என்று நம்ப இடமுண்டு. நாணயம் மாற்றுவோரிடம் பணத்துக்கு என்ன குறை? ஆனாலும் அவர் எழுப்பிய கேள்வி சரியானது. ஒரு படத்தில் இருப்பவரே அதற்குப் பணம் கொடுத்தார் என்று எடுத்துக்கொள்வது சோம்பல்.

அரச குடும்பத்தார் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அவர்கள் இலச்சினையைப் பதித்துவிட்டார்கள். வடக்கு ரோஜாச் சாளரத்தில் பிரான்சின் லில்லிப் பூக்களும் காஸ்தீலின் கோட்டைகளும் உள்ளன. ஒன்பதாம் லூயியின் தாய் காஸ்தீல் பிளாஞ்ச் கொடுத்தது என்பதற்கு அதுவே கையொப்பம். எதிரே தெற்கு ரோஜா, துரூ குடும்பத்துப் பியேர் மொக்ளேர்க் கொடுத்தது. அவரும் மனைவி பிள்ளைகளும் கீழே மண்டியிட்டிருக்கிறார்கள். லூயி சிறுவனாக இருந்தபோது ஆட்சியை நடத்திய பிளாஞ்சுக்கு எதிராகக் கலகம் செய்த பிரபுக்களுள் முக்கியமானவர் இந்தப் பியேர். அரசியும் கலகக்காரரும் ஒரே ஆலயத்தின் இரு கைகளிலும் எதிரெதிரே கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வடக்கு ரோஜாவின் அடியில் உள்ள நடு நெடுஞ்சாளரத்தில் குழந்தை மரியாவை ஏந்திய புனித அன்னாள் நிற்பதற்கும் காரணம் உண்டு. கான்ஸ்தாந்திநோபிளைச் சிலுவைப் போர்வீரர்கள் கொள்ளையடித்த பிறகு, 1205 வாக்கில் அன்னாளின் தலை என்று சொல்லப்பட்ட திருப்பண்டம் ஷார்த்ருக்கு வந்து சேர்ந்தது. கிடைத்த பொருளுக்கு விளம்பரம் வேண்டுமல்லவா?

அப்படியானால் பாமரனுக்கு இந்தச் சாளரங்களால் கிடைத்ததுதான் என்ன? நிறம் கிடைத்தது. அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. விலையுயர்ந்த சாயத்துணியும் மணிக்கற்களும் பிரபுக்களிடம் மட்டுமே இருந்த காலத்தில், நிறமுள்ள ஒளியை ஒரு மாளிகை அளவுக்குக் கொட்டி வைத்த இடம் கோயில் ஒன்றுதான். அந்த நிறம் எப்படி உண்டாயிற்று என்பதைப் புரிந்துகொண்டால்தான் சாளரத்தின் மெய்யான வேலை தெரியும்.

12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோஃபிலஸ் என்ற பெயரில் எழுதிய துறவி ஒருவர் செய்முறையை விரிவாகத் தருகிறார். பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. உருக்கி, ஊதி, உருளையாக்கி, பிளந்து தட்டையாக்க வேண்டும். உருகிய குழம்பிலேயே உலோகங்கள் நிறம் சேர்க்கும்: கோபால்ட் நீலம் தரும், செம்பு சிவப்போ பச்சையோ தரும். சுண்ணாம்பு பூசிய பலகைமேல் முழு அளவில் கோடு வரைந்து, அதன்மேல் கண்ணாடியை வைத்துப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கீறிப் பிளப்பார்கள். அப்படிப்பட்ட 14ஆம் நூற்றாண்டுப் பலகை ஒன்று ஸ்பெயினின் ஹிரோனாவில் இன்றும் இருக்கிறது. கண், மூக்கு, துணி மடிப்பு எல்லாம் செம்புத் துகளும் கண்ணாடிப் பொடியும் ஒயினிலோ மூத்திரத்திலோ குழைத்த கறுப்புச் சாந்தால் வரைந்து, சூளையில் சுட்டவை. அதாவது, தூரிகையால் செய்வது நிறம் சேர்க்கும் வேலை அன்று. ஒளியைத் தடுக்கும் வேலை. கடைசியில் ஈயக் கம்பிகளால் துண்டுகளை இணைத்து, இரும்புச் சட்டத்தில் ஏற்றுவார்கள்.

மேற்கு முகப்பின் மூன்று சாளரங்களில் உள்ள நீலத்தைப் பார்த்தவர்கள், அது மற்ற எதிலும் இல்லாத நீலம் என்கிறார்கள். இடைக்காலத்து இரகசியச் சூத்திரம் தொலைந்துவிட்டது என்ற பேச்சும் உண்டு. விஷயம் அவ்வளவு மாயமில்லை. அந்த நீலம் சோடா அதிகமுள்ள கண்ணாடி. பிற்காலத்தவை மரச்சாம்பலால் வந்த பொட்டாஷ் கண்ணாடி. பழைய ரோமானியக் கட்டடங்களின் பதிகற்களையும் நீலக் கலங்களையும் சேகரித்து, பிரெஞ்சுக்காரர்கள் உருக்கிக்கொள்கிறார்கள் என்று தியோஃபிலஸே எழுதியிருக்கிறார். சோடாக் கண்ணாடி மழையையும் ஈரத்தையும் தாங்கும். பொட்டாஷ் கண்ணாடி ஈரத்தை இழுத்துக்கொண்டு குழி விழுந்து, மேலே உப்புப் பொருக்குக் கட்டி மங்கும். 12ஆம் நூற்றாண்டின் நீலம் இன்றைக்கும் ஒளிர்வதற்கும், 13ஆம் நூற்றாண்டுச் சாளரங்கள் இருண்டதற்கும் இந்த வேதியியல் பெரிய காரணம்.

இருட்டு என்றதும் ஷார்த்ரின் இன்னொரு பழைய மயக்கம் நினைவுக்கு வருகிறது. உள்ளே கரிய கல், நடுவே எரியும் கண்ணாடி: 19, 20ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் பரவசத்தோடு வருணித்த ஷார்த்ர் அது. இடைக்கால மக்கள் கண்ட ஷார்த்ர் அது அன்று. 2009இல் தொடங்கிய புதுப்பிப்பில் அழுக்கை நீக்கியபோது, உள்சுவர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே வெளிர்மஞ்சள் பூச்சும், அதன்மேல் வெள்ளைக் கோட்டில் போலிக் கல் இணைப்பும் பெற்றிருந்தது தெரிந்தது. கருமை மெழுகுவத்தியும் கணப்பும் நூற்றாண்டுகளாகப் படிய விட்ட புகை. பழைய பூச்சை மீட்டெடுத்ததும் உலகமெங்கும் கூச்சல் எழுந்தது. மார்ட்டின் ஃபில்லர் என்ற கட்டடக்கலை விமர்சகர் 2014இல் இதை அவமானச் செயல் என்றே எழுதினார். மேடலின் கேவினஸ், ஜெஃப்ரி ஹாம்பர்கர் போன்ற இடைக்காலக் கலை அறிஞர்கள் புதுப்பித்தவர்களை ஆதரித்தார்கள். என் சாய்வு அறிஞர்கள் பக்கம். ஆனால் ஃபில்லர் தரப்பில் அழகியலாக ஒரு நியாயம் உண்டு: சுவர் வெளுத்தால் கண்ணின் பாவை சுருங்கும், கண்ணாடி மங்கலாகத் தெரியும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கே இச்சாளரங்கள் முழுமையாகத் திறக்கின்றன. அதனால்தான் சுவரையும் கண்ணாடியையும் ஒருசேரத் தூய்மை செய்ய வேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் செய்திருந்தால் இரண்டும் கெட்டிருக்கும்.

குருக்கள் மன்றமே இருட்டை வெறுத்த காலமும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் புதிய சுவை வந்தது. பீடத்தின் மேல் பிரிதான் செதுக்கிய அன்னையின் விண்ணேற்பு பளிங்குத் தொகுதி 1773இல் அமைந்தது. அதன்மேல் வெளிச்சம் விழ வேண்டும் என்று மேல்வரிசையின் பழைய கண்ணாடி சிலவற்றைக் கழற்றிவிட்டு வெள்ளைக் கண்ணாடி மாட்டினார்கள். திருவிவிலியத்தின் பக்கங்கள் என்று அவற்றை நினைத்திருந்தால் இவ்வளவு எளிதாகக் கிழித்திருப்பார்களா?

இரு உலகப் போர்களிலும் சாளரங்களை இறக்கிப் பெட்டிகளில் அடைத்தார்கள். முதல் போரின்போது கீழே வந்த பலகங்களை எத்தியேன் ஊவே படம் எடுத்தார். குரு இவ் தெலபோர்த் விளக்கம் எழுத, அது 1926இல் பெருநூலாக வந்தது. ஷார்த்ர் சாளரங்களை இன்று நாம் கட்டம் கட்டமாகப் 'படிக்க' முடிவதற்கு அந்தப் படங்களே தொடக்கம். 1939இல் மறுபடி இறக்கி, அடுத்த ஆண்டு தோர்தோஞ் பகுதியில் ஃபொங்க்ரெனோன் கல்சுரங்கத்தில் ஒளித்தார்கள். 1944 ஆகஸ்ட் 16 அன்று பேராலயத்துக் கோபுரத்தில் ஜெர்மானியர் இருப்பதாக ஐயம் எழுந்தபோது, அமெரிக்கப் படையின் கர்னல் வெல்போர்ன் கிரிஃபித் தானே ஏறிப் பார்த்து, யாருமில்லை என்று பீரங்கித் தாக்குதலைத் தடுத்தார். அன்றே பக்கத்து ஊரில் கொல்லப்பட்டார்.

ஆக, கதை கேட்டவர்க்குக் கதை, அதிகாரத்தை அறிந்தவர்க்கு இலச்சினை, எல்லார்க்கும் நிறம். இம்மூன்றையும் 'பாமரர் திருவிவிலியம்' என்ற ஒற்றைப் பெயருக்குள் அடைப்பது பாமரருக்கும் மரியாதை இல்லை, குருக்களுக்கும் பொருந்தாது. ஷார்த்ர் போகிறவர்கள் பைனாகுலர் ஒன்று கொண்டு போகட்டும். வெயில் உள்ள நாளில், உள்ளே நுழைந்ததும் கால் மணி நேரம் எதையும் பாராமல் உட்கார்ந்து கண்ணை இருட்டுக்குப் பழக்கட்டும். பிறகு நல்ல சமாரியர் சாளரத்தில் செருப்புத் தைப்போரிடமிருந்து மேலே படித்துப் போகலாம்.